காத்திருக்கும் நேரத்துக்கு யார் கூலி தருவது?

(தொழிலாளர் சட்டம் பயிலும் மாணவர்களும் டெலிவரி ஊழியர்களும் கலந்துகொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆப் வழியே வேலை பார்க்கும் கிக் தொழிலாளர்களின் உரிமைகளைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தார்கள். பெட்ரோல் செலவு, விபத்துக் காப்பீடு, ஐடி பிளாக், ரேட்டிங், இரவில் வண்டி ஓட்டும் பெண்களின் பாதுகாப்பு என்று எந்த முனையைப் பிடித்து இழுத்தாலும் ஒரு நாள் முழுக்கப் பேசலாம். எனக்குக் கிடைத்திருப்பது ஒரு மணி நேரம். அதனால் ஒரே ஒரு முனையைத்தான் பிடிக்கப் போகிறேன். ஆப்பில் லாகின் செய்துவிட்டு, ஆர்டர் விழாமல் வண்டி மேல் உட்கார்ந்திருக்கிற நேரம் இருக்கிறதே, அந்த நேரத்துக்குக் கூலி உண்டா? உண்டென்றால் யார் தருவது? இதற்கு ஒழுங்கான விடை கிடைத்துவிட்டால் மற்ற சிக்கல்களில் பாதி தானாக அவிழும் என்பது என் கட்சி.

மாலை நான்கு மணிக்குச் சென்னையில் ஏதாவது ஒரு பிரியாணிக் கடையைப் பாருங்கள். மதியச் சாப்பாடு முடிந்திருக்கும், ராத்திரி ஆர்டர் தொடங்கியிருக்காது. உள்ளே சர்வர் ஃபேனுக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். மாஸ்டர் பாதித் தூக்கத்தில் இருப்பார். இரண்டு பேருக்கும் சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும். அதை யாரும் தவறென்று சொல்வதில்லை. கடை திறந்திருக்க வேண்டுமென்றால் அவர்கள் அங்கே இருந்துதான் ஆக வேண்டும். வாசலுக்கு வெளியே வாருங்கள். மரநிழல் எந்தப் பக்கம் நகர்கிறதோ அந்தப் பக்கம் வண்டியை நகர்த்திக்கொண்டு ஐந்தாறு ரைடர்கள் இருப்பார்கள். கண் செல்போனை விட்டு அகலாது. ஆர்டர் விழுந்தால் சில வினாடிகளுக்குள் எடுக்க வேண்டும். கழிப்பறைக்குப் போகலாமென்றால் பல கடைகளில் உள்ளே விடமாட்டார்கள். இவர்களுக்கு அந்த ஒரு மணி நேரக் கூலி பூஜ்யம்.

ஆனால் நிறுவனத்துக்கு அந்த நேரம்தான் முதல். ஆப்பைத் திறந்ததும் இத்தனை நிமிடத்தில் வந்துவிடும் என்று காட்டுகிறதே, அந்த வாக்குறுதியை எதை நம்பிக் கொடுக்கிறார்கள்? கடைக்குப் பக்கத்தில் ஏற்கெனவே ஒருவர் சும்மா நிற்கிறார் என்பதை நம்பித்தான். எல்லா ரைடர்களும் ஓடிக்கொண்டே இருந்தால் உங்கள் பிரியாணி எப்போது வருமென்று யாராலும் சொல்ல முடியாது. டார்க் ஸ்டோர் என்ற கிடங்கு வைத்துப் பத்து நிமிடத்தில் பாலும் தக்காளியும் கொடுக்கிறவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். முன்பெல்லாம் காத்திருந்தது நாம். இப்போது நம் காத்திருப்பை எடுத்து வாசலில் நிற்பவர் தலையில் வைத்துவிட்டு, காத்திருக்கத் தேவையில்லை என்ற வசதியை நமக்கு விற்கிறார்கள்.

பத்து நிமிட டெலிவரியை நிறுத்து என்ற கோரிக்கையோடு 2025ஆம் ஆண்டின் கடைசி நாளில் நாடு தழுவிய வேலைநிறுத்தத்துக்குச் சங்கங்கள் அழைப்பு விடுத்தன. அடுத்த ஜனவரியில் ஒன்றியத் தொழிலாளர் அமைச்சர் நிறுவனங்களோடு பேசினார். அவற்றில் ஒன்றான பிளிங்கிட் தன் விளம்பரத்திலிருந்து பத்து நிமிடம் என்ற வாசகத்தை எடுத்தது. நல்லதுதான். வாசகம் போனதே தவிர, டார்க் ஸ்டோர் வாசலில் நிற்கிற கூட்டம் அப்படியே இருக்கிறது.

ஏன் அப்படியே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்டருக்கு இவ்வளவு என்று கூலி பேசிவிட்டால், எத்தனை பேரைச் சேர்த்தாலும் நிறுவனத்துக்குக் கூடுதல் செலவு இல்லை. ஒரு வட்டாரத்தில் நூறு ஆர்டர் வருகிறது என்று வையுங்கள். இருபது பேர் நின்றாலும் நாற்பது பேர் நின்றாலும் கொடுக்க வேண்டிய கூலி நூறு ஆர்டருக்குத்தான். நாற்பது பேர் நின்றால் டெலிவரி வேகம் கூடும், வாடிக்கையாளருக்கு மகிழ்ச்சி. நிற்கிறவர்களின் வருமானம் பாதியாகும். ஆளை மேலும் மேலும் சேர்ப்பதற்கு எந்தத் தடையும் இந்தக் கணக்கில் இல்லை. ஆள் கூடினால் அடுத்தது என்ன நடக்கும் என்பதைச் சென்னை 2020 ஆகஸ்டில் பார்த்தது. ஊரடங்குக் காலம். வேலை இழந்தவர்கள் பலர் டெலிவரிக்கு வந்துகொண்டிருந்தார்கள். ஸ்விக்கி ரைடர்கள் தெருவில் இறங்கினார்கள். ஆர்டருக்கு 35 ரூபாயாக இருந்தது 15 ரூபாயாகிவிட்டது என்பது அவர்கள் புகார். பதினைந்து என்பது மொத்தக் கூலியில் ஒரு பகுதிதான் என்றது நிறுவனம். இரண்டு பேச்சிலும் ஒரு விஷயம் இல்லை: ஆர்டருக்கும் ஆர்டருக்கும் நடுவில் போன நேரம்.

அதை அளக்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். லாகின் நேரத்தை நிமிடக் கணக்கில் வைத்திருப்பவர்கள் அவர்கள்தான். இன்சென்டிவ் வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் லாகினில் இருக்க வேண்டும், பீக் நேரத்தில் லாகவுட் செய்யக் கூடாது, இந்த ஸோனை விட்டு வெளியே போகக் கூடாது என்று நிபந்தனை போடுகிறார்கள். நிபந்தனை போடும்போது அந்த நேரம் கண்ணுக்குத் தெரிகிறது. கூலி போடும்போது மறைந்துவிடுகிறது.

நிறுவனங்களின் பதில் ஒன்றுதான். இவர்கள் எங்கள் ஊழியர்களே இல்லை. விரும்பினால் வருகிறார்கள், விரும்பாவிட்டால் போகிறார்கள். வேலை நேரம் என்று எதையும் நாங்கள் விதிப்பதில்லை. பட்டனைத் தட்டினால் வேலை, தட்டாவிட்டால் விடுதலை. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைப் புது யுகத்தின் வாதம் என்று நினைத்து மலைத்துப் போகிறவர்களுக்கு ஒரு பழைய வழக்கைச் சொல்கிறேன்.

சௌராஷ்டிரத்தில் அகரியாக்கள் என்ற உப்புத் தொழிலாளர்கள். தாரங்கதரா கெமிக்கல் ஒர்க்ஸ் என்ற நிறுவனம் அவர்களுக்குப் பாத்தி பிரித்துக் கொடுக்கும். அக்டோபரில் தொடங்கி ஜூன் வரை உப்பு விளைச்சல். மழை வந்தால் ஊருக்குப் போய் விவசாயம் பார்ப்பார்கள். வருகைப் பதிவேடு கிடையாது, வேலை நேரம் கிடையாது. குடும்பத்தோடு உழைக்கலாம், தன் கைக்காசில் கூலியாள் வைத்துக்கொள்ளலாம். இத்தனை மணங்கு உப்புக்கு இவ்வளவு என்று கூலி. தரமில்லாத உப்பைக் கழித்துவிடுவார்கள். இவர்கள் தொழிலாளர்கள் அல்லர், சுயேச்சையான ஒப்பந்தக்காரர்கள் என்றது நிறுவனம். 1956 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நேரம் யார் கையில் என்பதோடு நின்றுவிடாமல், பாத்தி போடுவதிலிருந்து உப்பை எடை போடுவது வரை வேலையை நிறுவனம் எந்த அளவுக்கு மேற்பார்வை பார்த்தது என்று நீதிபதிகள் கவனித்தார்கள். அகரியாக்கள் தொழிலாளர்களே என்று தீர்ப்பளித்தார்கள். அந்த நிறுவனம் நமக்கும் தெரிந்ததுதான். தூத்துக்குடி மாவட்டம் சாகுபுரத்தில் டி.சி.டபிள்யூ என்ற பெயர்ப்பலகை இருக்கிறதே, அதே நிறுவனம்.

அடுத்து பீடி. 1960களின் தொடக்கத்தில் நாக்பூர் வழக்கு ஒன்றில் பீடித் தொழிலாளர்கள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், எப்போது வேண்டுமானாலும் போகலாம், சுற்றிய பீடிக்குத்தான் கூலி என்ற நிலை. அவர்களும் தொழிலாளர்கள்தான் என்றது நீதிமன்றம். ஆனால் வீட்டுத் திண்ணையில் முறத்தை மடியில் வைத்துச் சுற்றுகிற பெண்கள்? அவர்களுக்காக நாடாளுமன்றம் 1966இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. நெல்லை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இந்தத் தொழிலை நான் விளக்க வேண்டியதில்லை. இலையும் தூளும் நூலும் கம்பெனி கொடுக்கும். சுற்றிக் கொடுத்ததில் தேறாததைக் கழித்துவிடுவார்கள். அளவு குறைவாக இலை கொடுத்துவிட்டு எண்ணிக்கை குறைகிறதென்று கூலியை வெட்டுவது அந்தத் தொழிலின் தீராத சண்டை. 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின் 39ஆம் பிரிவு அந்தச் சண்டையையே பேர் சொல்லிப் பேசியது. மூலப்பொருள் கொடுப்பதில் வரும் தகராறு, பீடியைக் கழிப்பதில் வரும் தகராறு, கழித்த பீடிக்குக் கூலி கேட்கும் தகராறு எல்லாவற்றையும் விசாரித்துத் தீர்க்க ஓர் அதிகாரி வேண்டும் என்றது. சட்டம் வந்ததால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். பாஸ்புக் இல்லாமல் அடுத்தவர் பெயரில் சுற்றிக் கொடுத்த பெண்கள் எத்தனையோ பேர். இப்போது அந்தச் சட்டமும் புதிய தொகுப்புச் சட்டங்களுக்குள் கரைந்துவிட்டது. ஆனால் அன்றைக்குச் சட்டம் எழுதியவர்கள் திண்ணை வரை வந்து பார்த்திருக்கிறார்கள் என்பது அந்தப் பிரிவைப் படித்தாலே தெரியும். காரணம் சொல்லாமல் ஐடியை முடக்கும்போது, யாரோ ஒரு வாடிக்கையாளர் கோபத்தில் போட்ட ஒற்றை நட்சத்திரத்தால் ரேட்டிங் இறங்கும்போது, எங்கே போய் முறையிடுவது என்று கேட்கிற ரைடருக்கு அந்த அளவு வழிகூட இன்றைக்கு நம் மாநிலத்தில் இல்லை.

சரி, 2020இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு என்ன செய்தது? 2025 நவம்பர் 21இல் நடைமுறைக்கு வந்திருக்கிறது. இந்தியச் சட்டத்தில் கிக் தொழிலாளர் என்ற பெயர் ஏறியது அதில்தான்; அந்தப் பெருமையை மறுக்க வேண்டாம். ஆப் நிறுவனங்கள் ஆண்டு வரவில் 1 முதல் 2 சதவீதம் வரை நலநிதிக்குத் தர வேண்டும், அது தொழிலாளர்களுக்குக் கொடுத்த தொகையில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. ஆனால் கிக் தொழிலாளர் யார் என்று சொல்லும் இடத்தில், வழக்கமான முதலாளி, தொழிலாளி உறவுக்கு வெளியே வேலை பார்த்துச் சம்பாதிப்பவர் என்று எழுதிவிட்டார்கள். அகரியாக்களுக்கு நீதிமன்றம் சாட்சிகளை வைத்து ஆராய்ந்து சொன்ன முடிவு ஒன்று; இங்கே விசாரணையே இல்லாமல் முதல் பக்கத்திலேயே எழுதப்பட்ட முடிவு வேறு. வெளியே என்று எழுதியபின் குறைந்தபட்சக் கூலி கேட்க முடியாது, வேலை நேரம் கேட்க முடியாது. நலநிதி வாங்கலாம். நிதி ஆயோக் 2022இல் வெளியிட்ட அறிக்கைப்படி 2020-21இல் இப்படிப்பட்டவர்கள் 77 லட்சம் பேர். 2029-30இல் 2 கோடியே 35 லட்சம் ஆவார்கள் என்று அதே அறிக்கை கணிக்கிறது. இவ்வளவு பெரிய கூட்டத்தை ஒரு வரையறையால் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம்.

மற்ற நாடுகளில் இந்தக் காத்திருப்புக் கேள்வி நேரடியாகவே நீதிமன்றம் ஏறியிருக்கிறது. 2021 பிப்ரவரி 19 அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் ஊபர் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் லெகட் பிரபு. மற்ற நீதிபதிகள் அனைவரும் உடன்பட்டார்கள். கட்டணத்தை யார் முடிவு செய்கிறார்கள், ஒப்பந்த வாசகத்தை யார் எழுதுகிறார்கள், பயணங்களைத் தொடர்ந்து மறுத்தால் டிரைவரை ஆப்பிலிருந்து பத்து நிமிடம் தள்ளி வைப்பது யார் என்று கேட்டுக்கொண்டே போனார்கள். டிரைவர் தன் உரிமப் பகுதிக்குள் ஆப்பைப் போட்டுக்கொண்டு பயணம் ஏற்கத் தயாராக இருக்கும் நேரமெல்லாம் வேலை நேரமே என்று முடித்தார்கள். அடுத்த மாதமே ஊபர் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட டிரைவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலி தருவதாக அறிவித்தது. பயணத்தை ஏற்ற நிமிடத்திலிருந்து! காத்திருந்த நேரம் மறுபடியும் கணக்கில் விடுபட்டது. தீர்ப்பில் தோற்றதைக் கணக்குப் புத்தகத்தில் மீட்டுக்கொள்ளும் சாமர்த்தியம் இது.

கலிஃபோர்னியாவில் நடந்தது இன்னும் வெளிப்படை. ஆப் நிறுவனங்கள் 20 கோடி டாலருக்கு மேல் செலவழித்து 2020 நவம்பரில் 22ஆம் முன்மொழிவை மக்கள் வாக்கெடுப்பில் வென்றன. குறைந்தபட்சக் கூலியைவிட 20 சதவீதம் அதிகமாகவே தருகிறோம் என்றது அந்தச் சட்டம். எந்த நேரத்துக்கு? ஆர்டரை ஏற்றதிலிருந்து முடிக்கும் வரை மட்டும். நியூயார்க் மாநகரம் நேர்மாறாகப் போனது. உணவு டெலிவரிக்கு 2023 இறுதியில் மணிக்கு 17.96 டாலர் என்று தொடங்கிய குறைந்தபட்சக் கூலி, ஆர்டருக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடப்பட்டது. என்ன ஆயிற்று தெரியுமா? காத்திருப்புக்குக் காசு என்றதும் சில ஆப்கள் லாகினையே கட்டுப்படுத்தின. ஆள் போதும், இப்போது உள்ளே வர முடியாது என்று கதவைச் சாத்தின. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் இதற்கு வருவேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நம் ரைடர் ஒரே சமயத்தில் இரண்டு மூன்று ஆப்பில் லாகின் செய்திருப்பார். ஸ்விக்கி ஒரு போனில், சொமேட்டோ இன்னொன்றில், ரேபிடோ நடுவில். அப்படியானால் அவர் யாருக்காகக் காத்திருக்கிறார்? லெகட் பிரபுவின் தீர்ப்பே இந்த இடத்தில் கொஞ்சம் தயங்குகிறது. ஒரே நேரத்தில் வேறு ஆப்களுக்கும் தயாராக இருந்தால் விடை மாறலாம் என்று கதவைத் திறந்தே வைத்தது. ஒவ்வொரு நிறுவனமும் மற்றதைக் கை காட்டும்.

இந்தப் பூட்டுக்குச் சாவி லண்டனில் இல்லை, இதே சென்னைத் துறைமுகத்தில் இருந்தது. கப்பல் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சரக்கு இறக்கும் ஸ்டீவடோர் நிறுவனங்கள் பல. காலையில் வாசலில் கூட்டம் நிற்கும். மேஸ்திரி கை காட்டுகிறவருக்கு வேலை, மற்றவர்கள் வீட்டுக்கு. மேஸ்திரிக்குக் கையூட்டு. இன்றைக்கு ஆல்காரிதம் என்று சொல்வதை அன்றைக்கு மேஸ்திரி என்றார்கள், அவ்வளவுதான். 1948இல் துறைமுகத் தொழிலாளர் வேலை ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதன்கீழ் 1950களில் பம்பாயிலும் கல்கத்தாவிலும் சென்னையிலும் வாரியங்கள் இயங்கத் தொடங்கின. அரசு, நிறுவனங்கள், தொழிலாளர் என்று முத்தரப்பும் அதில் இருந்தார்கள். தொழிலாளர்களைப் பதிவு செய்து ஒரே பொதுப் பட்டியலில் வைத்தார்கள். வேலை முறை வைத்து வரும். வந்து நின்று வேலை கிடைக்காத நாளுக்கும் ஒரு படி உண்டு. மாதத்துக்கு இத்தனை நாள் கூலி நிச்சயம். இதற்கெல்லாம் பணம், ஒவ்வொரு நிறுவனமும் தான் எடுத்த வேலைக்கேற்பக் கட்டும் தீர்வையிலிருந்து. யாருக்காகக் காத்திருந்தார் என்ற கேள்வியே அங்கே எழவில்லை. துறைமுகத்துக்காகக் காத்திருந்தார், துறைமுகத்தால் பிழைக்கிற எல்லா நிறுவனமும் சேர்ந்து கொடுத்தார்கள். கன்டெய்னர் வந்தபின் அந்த ஏற்பாடு தேய்ந்தது, வாரியம் துறைமுக நிர்வாகத்தோடு கலந்துவிட்டது. மகாராஷ்டிரத்தில் 1969இல் சுமை தூக்குவோருக்கு வந்த மாதாடி சட்டமும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நம் 1982ஆம் ஆண்டு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்துக்கும் அந்த உறவு உண்டு.

அந்த 1982ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்தான் 2023 டிசம்பரில் தமிழ்நாடு அரசு கிக் தொழிலாளர் நலவாரியத்தை அமைத்தது. 2025-26 நிதிநிலை அறிக்கையில் 2,000 பேருக்கு மின் ஸ்கூட்டர் வாங்கத் தலா 20,000 ரூபாய் மானியம் அறிவித்தார்கள். சென்னை மாநகராட்சி அண்ணாநகரில் ரைடர்களுக்கு ஏசி ஓய்வறை கட்டியது. அதைக் கேலி செய்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் இதே மாநிலம் சட்டம் திருத்தியது. அந்த வழியில் வந்த நல்ல காரியம் இது. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். காத்திருப்பு இருக்கிறது, அது உடம்பை வருத்துகிறது என்று அரசே ஒப்புக்கொண்டு அதற்குக் கூரை போட்டிருக்கிறது. அதற்குக் கூலி கேட்கும்போது மட்டும், அப்படியொரு நேரமே இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?

ராஜஸ்தான் 2023இல் நாட்டிலேயே முதன்முதலாக இதற்கென்று சட்டம் போட்டது. ஆட்சி மாறியதும் அது அலமாரிக்குப் போனது. கர்நாடகம் 2025இல் போட்ட சட்டம் ஒரு படி மேலே போய், வேலையிலிருந்து நீக்குவதென்றால் 14 நாள் முன்னறிவிப்பும் காரணமும் வேண்டும் என்றது. இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒரே விஷயம்: எல்லா ஆப்களுக்கும் பொதுவாக ஒரு தொழிலாளருக்கு ஓர் எண். அந்த எண் இருந்தால் மூன்று ஆப் லாகினையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாம். மாலை நான்கிலிருந்து ஐந்து வரை மூன்றிலும் இருந்தால் அது மூன்று மணி நேரமாகாது, ஒரு மணி நேரம்தான். செலவை மூன்று நிறுவனமும் பங்கு போட்டுக்கொள்ளட்டும். வாரியம் கல்வி உதவி, விபத்து நிதி என்பதோடு நிற்காமல் இந்தக் கணக்கைக் கேட்டு வாங்க வேண்டும். முதல் வேலையாக லாகின் நிமிடம் எவ்வளவு, ஆர்டர் ஓடிய நிமிடம் எவ்வளவு என்று ஒவ்வொரு நிறுவனமும் மாதா மாதம் வெளியிடட்டும். கூலி எவ்வளவு என்ற பேரத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்வோம்.

டெலிவரிக் கட்டணம் ஏறுமே என்பார்கள். ஏறும். சர்வரின் மாலை நான்கு மணிச் சம்பளம் பிரியாணி விலையில் ஏற்கெனவே இருக்கிறது; ரைடருடையதும் அதில் வரட்டும்.

எனக்குப் பயம் வேறு இடத்தில். நியூயார்க்கில் கதவு சாத்திய கதையைச் சொன்னேன். துறைமுகத்திலும் அதேதான். பட்டியல் என்று ஒன்று வந்ததும் உள்ளே இருந்தவர்களுக்குப் பாதுகாப்பு வந்தது; வெளியே நின்றவர்களுக்குப் பட்டியலில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பானது. இன்றைக்கு ஒரு பையனுக்கு மில்லில் வேலை போனால், படிப்பு பாதியில் நின்றால், ஒரு பழைய வண்டியும் லைசென்ஸும் இருந்தால் சில நாட்களில் டெலிவரிக்கு வந்துவிடலாம். வெளிமாநிலத்திலிருந்து வந்தவரும் வரலாம். அந்தத் திறந்த கதவுதான் கூலியைக் கீழே இறக்குகிறது, அதே கதவுதான் பல குடும்பங்களுக்கு அடுப்பெரியக் காரணம். காத்திருப்புக்குக் கூலி வேண்டுமென்றால் எத்தனை பேர் காத்திருக்கலாம் என்று யாரோ ஒருவர் எண்ணிக்கை சொல்லித்தான் ஆக வேண்டும். அந்த எண்ணிக்கையை நிறுவனத்தின் கையில் விட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். சங்கம் சொல்ல வேண்டுமென்றால், நேற்று சேர்ந்தவரையும் நாளைக்கு வரப் போகிறவரையும் என்ன செய்வது என்று சங்கம் முடிவு செய்தாக வேண்டும். முன்வரிசையில் சங்கத் தோழர்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேள்வி நேரத்தை நான் கேட்கும் இந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவோம்.